எல்லா இடத்திலும் ஆடத் தெரிந்தவர்: ஒரு மைனர் லீக் இன்ஃபீல்டரின் பிழைப்பு

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள், அணிக்கு 26 பேர். சீசனின் பெரும்பாலான நாட்களில் உச்சத்தில் இருப்பவர்கள் 780 பேர்தான். டிவியில் வருவதும், கோடிகளில் ஒப்பந்தம் போட்டதாகச் செய்தியில் வருவதும் இந்த 780 பேருக்குள் சிலர். இவர்களுக்குக் கீழே சில ஆயிரம் பேர் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். தினமும் மைதானத்துக்குப் போகிறார்கள், ஆடுகிறார்கள், சம்பளம் வாங்குகிறார்கள். அதுதான் மைனர் லீக். அங்கே பத்துப் பன்னிரண்டு வருடம் அணி மாறி மாறி ஆடிக்கொண்டே இருப்பவரை 'ஜர்னிமேன்' என்பார்கள்.

இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கனவு, தியாகம், விடாமுயற்சி என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதெல்லாம் இருக்கலாம். ஆனால் இது முதலில் ஒரு வேலை. அதற்கு ஒரு தேவை இருப்பதால்தான் வருடா வருடம் ஆள் எடுக்கிறார்கள். அந்தத் தேவை என்ன என்று புரிந்துவிட்டால், ஒருவர் ஏன் பதிமூன்று வருடம் வேலையில் இருக்கிறார், ஆனால் ஏன் மேலே போகவில்லை என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் கிடைத்துவிடும்.

உதாரணத்துக்கு ட்ரூ மேகியை எடுத்துக்கொள்வோம். 2010-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி டிராஃப்டில் (அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) 15-வது சுற்றில் இவரைத் தேர்ந்தெடுத்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடியவர். மேஜர் லீக்கில் இவர் முதல்முறை மட்டையோடு இறங்கியது 2023 ஏப்ரல் 26 அன்று. அதற்குள் மைனர் லீக்கில் 1,155 ஆட்டங்கள் ஆடி முடித்திருந்தார். வயது 33.

முதலில் ஏணியைப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் கீழே நான்கு படிகளில் அணிகள் உண்டு: மேலிருந்து டிரிபிள்-ஏ, டபிள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ. அதற்கும் கீழே அரிசோனா, ஃப்ளோரிடா, டொமினிகன் குடியரசு ஆகிய இடங்களில் பயிற்சி முகாம் லீக்குகள். ரஞ்சிக் கோப்பை போல என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ்நாடு அணி தனக்காக ஆடுகிறது, தானே ஆள் எடுக்கிறது. மைனர் லீக் அணி அப்படியில்லை. மைதானத்தை நடத்துவது, டிக்கெட், பாப்கார்ன் எல்லாம் பெரும்பாலும் அந்த அணியின் முதலாளி பொறுப்பு. ஆனால் வீரர்கள், பயிற்சியாளர்கள், அவர்களின் சம்பளம் எல்லாம் மேலே இருக்கும் தாய் அணியுடையது. இன்று யார் ஷார்ட்ஸ்டாப்பில் நிற்க வேண்டும், யார் எத்தனை நாள் ஓய்வெடுக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தாய் அணிதான் தீர்மானிக்கிறது. உள்ளூர் அணி ஜெயிப்பதும் தோற்பதும் அதற்கு இரண்டாம்பட்சம்.

இந்த ஏணி எவ்வளவு செங்குத்தானது என்பதற்கு நமக்குத் தெரிந்த பெயர் ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்திலிருந்து போன ரிங்கு சிங் 2008-ல் இதே பைரேட்ஸ் நிறுவனத்தில் (தாய் அணியும் அதன் கீழுள்ள அணிகளும் சேர்ந்ததுதான் நிறுவனம்) பந்துவீச்சாளராகச் சேர்ந்தார். அவர் எட்டியது சிங்கிள்-ஏ வரைதான். அதுவே சாதாரண விஷயமில்லை. (பிறகு மல்யுத்தத்துக்குப் போய் வீர் மகான் ஆனார், அது வேறு கதை.)

சரி, இன்ஃபீல்டர் என்றால் யார்? பேஸ்பால் மைதானத்தின் உட்பகுதி ஒரு சதுரம். முனைக்கு முனை 90 அடி. ஒரு முனை பேட்டர் நிற்குமிடம், மற்ற மூன்றும் பேஸ்கள். இந்தச் சதுரத்தைக் காப்பவர்கள் நான்கு பேர்: முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்காரர்கள், அப்புறம் இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப். தரையோடு உருண்டு வரும் பந்தை எடுத்து, பேட்டர் முதல் பேஸை மிதிப்பதற்குள் அங்கே எறிய வேண்டும். அதற்கு அவருக்குக் கிடைக்கும் நேரம் நாலரை விநாடிகூட இல்லை.

நான்கில் கடினமானது ஷார்ட்ஸ்டாப். நல்ல ஓட்டம், நல்ல கை, நல்ல எறி மூன்றும் வேண்டும். பள்ளியில் எந்தப் பையன் நன்றாக ஆடுகிறானோ அவனைத்தான் அங்கே நிறுத்துவார்கள். ஆகவே தொழில்முறைக்கு வரும் இன்ஃபீல்டர்களில் பலர் ஒரு காலத்தில் ஊரின் சிறந்த ஷார்ட்ஸ்டாப்பாக இருந்தவர்கள். இத்தனை பேரும் ஒரே இடத்தில் ஆட முடியாது. கொஞ்சம் வேகம் குறைந்தவர் இரண்டாம் பேஸுக்கு, எறி மட்டும் பலமானவர் மூன்றாம் பேஸுக்கு என்று நகர்த்தப்படுவார்கள். எந்த இடத்துக்கும் முழுதாகச் சொந்தமாகாதவர் எல்லா இடத்திலும் ஆடக் கற்றுக்கொள்கிறார். அங்கே அவருக்கு 'யூட்டிலிட்டி' ஆட்டக்காரர் என்று பெயர்.

'எல்லா இடத்திலும் ஆடுவார்' என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். டபிள் பிளேயை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பேஸில் ஒரு ஓட்டக்காரர் இருக்கிறார். பந்து தரையோடு வருகிறது. முதலில் இரண்டாவது பேஸில் ஒரு அவுட், உடனே முதல் பேஸுக்கு எறிந்து இன்னொரு அவுட். ஷார்ட்ஸ்டாப் இதைச் செய்யும்போது அவர் ஓடும் திசையும் எறியும் திசையும் கிட்டத்தட்ட ஒன்றே. ஓட்டக்காரர் எதிரே வருவது அவர் கண்ணுக்குத் தெரியும். இரண்டாம் பேஸ்காரருக்கு எல்லாமே தலைகீழ். மூன்றாவது பேஸ் பக்கமிருந்து வரும் பந்தை வாங்கும்போது முதல் பேஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பார். பந்தைக் கையுறையிலிருந்து உருவி, உடம்பைத் திருப்பி, எறிந்தாக வேண்டும். அதற்குள் ஓட்டக்காரர் முதுகுப் பக்கத்திலிருந்து சறுக்கிக்கொண்டு காலுக்கு வந்துவிடுவார். 2015 பிளேஆஃப் ஆட்டம் ஒன்றில் டாட்ஜர்ஸின் சேஸ் அட்லி இப்படிச் சறுக்கியதில் மெட்ஸ் வீரர் ரூபென் டெஹாடாவின் கால் எலும்பு முறிந்தது. அதற்கப்புறம்தான் 2016-ல் சறுக்கும் விதியையே மாற்றினார்கள். செவ்வாய்க்கிழமை ஷார்ட்ஸ்டாப், புதன்கிழமை இரண்டாம் பேஸ் என்று ஆடுபவர் இந்த இரண்டு காலடிகளையும் யோசிக்காமல் மாற்றிப்போட வேண்டும்.

அவருடைய பையைத் திறந்தால் விஷயம் புரியும். இரண்டாம் பேஸுக்குச் சின்னக் கையுறை, பந்து உள்ளே சிக்காமல் சட்டென்று கைக்கு வர வேண்டும் என்பதற்காக. மூன்றாம் பேஸுக்கு அதைவிடச் சற்றுப் பெரியது. முதல் பேஸுக்குத் தனி வடிவம், விரல்கள் பிரியாத அகன்ற உறை. சதுரத்துக்கு வெளியே இருக்கும் அவுட்ஃபீல்டுக்கு நீளமானது. ஒரே இடத்தில் ஆடும் நட்சத்திரத்துக்கு இரண்டு கையுறை போதும். இவர் நாலைந்தைச் சுமந்துகொண்டு பஸ் ஏறுகிறார்.

இப்போது அந்தத் தேவைக்கு வருவோம். டிரிபிள்-ஏ அணியில் தாய் அணி பெரிதும் நம்பும் 22 வயது ஷார்ட்ஸ்டாப் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே யாருக்கோ தசை பிடித்துவிட்டது. பிற்பகலில் ஃபோன் வருகிறது, பையன் விமானம் ஏறுகிறான். இரவு ஆட்டத்துக்கு ஷார்ட்ஸ்டாப் வேண்டுமே? அதற்கு ஒருவர் இருக்க வேண்டும். அடுத்த வாரம் பையன் திரும்பி வந்தால் அதே ஆள் முகம் சுளிக்காமல் மூன்றாம் பேஸுக்கு நகர வேண்டும். இளம் பந்துவீச்சாளர்களுக்குப் பின்னால் ஒழுங்காகப் பந்து பிடிப்பவர்கள் நின்றால்தான் அவர்களுடைய திறமையைச் சரியாக எடைபோட முடியும். இருபது வயதுப் பையன்களுக்கு எப்போது தூங்குவது, நான்கு நாள் அடிக்க முடியாமல் போனால் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று காட்ட ஒரு மூத்த ஆளும் வேண்டும். இந்த எல்லா வேலைக்கும் சேர்த்து ஒரே சம்பளம்.

எங்கேயும் நிறுத்தலாம் என்பதால் இவருக்கு எப்போதும் வேலை கிடைக்கிறது. அதே காரணத்தால் எந்த இடமும் இவருக்கென்று ஒதுக்கப்படுவதில்லை. ஓர் இடத்தைத் தொடர்ந்து கொடுத்து வளர்ப்பது நாளைய நட்சத்திரத்துக்கு. மிச்சமுள்ள ஓட்டைகளை அடைப்பது இவர். மூன்று நாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு நான்காம் நாள் மணிக்கு 150 கிலோமீட்டர் பந்தை அடிக்கச் சொன்னால் எண்கள் சுமாராகத்தான் வரும். அந்தச் சுமாரான எண்களைக் காட்டித்தான் அடுத்த வருடமும் இவரை ஓட்டை அடைக்க எடுப்பார்கள்.

ஒப்பந்த விதிகளும் இதற்கு ஒத்தாசை. மேஜர் லீக்கில் ஆடும் 26 பேரையும் உள்ளடக்கி ஓர் அணி 40 பேர் பட்டியல் ஒன்றை வைத்திருக்கும். அதில் இருப்பவரைத்தான் நேராக மேலே கூப்பிட முடியும். ஜர்னிமேன் பெரும்பாலும் அந்த 40-க்கு வெளியே. அவரைக் கூப்பிட வேண்டுமானால் பட்டியலில் காலியிடம் இருக்க வேண்டும்; இல்லையென்றால் வேறொருவரை நீக்க வேண்டும். அந்த வேறொருவர் இருபது வயது நம்பிக்கை நட்சத்திரமாக இருந்தால் நீக்கிய மறுநாளே மற்ற 29 அணிகளில் ஏதாவது ஒன்று கொத்திக்கொண்டு போய்விடும். நான்கு நாளைக்கு ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக எந்த மேனேஜர் இந்த வம்பை விலைக்கு வாங்குவார்?

டிராஃப்டில் வந்தவர் முதல் ஆறேழு சீசன்கள் அந்த நிறுவனத்துக்கே கட்டுப்பட்டவர். அதற்குப் பிறகுதான் மைனர் லீக் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தம் போடலாம். ஒவ்வொரு நவம்பரிலும் இப்படி நூற்றுக்கணக்கான பெயர்கள் சந்தைக்கு வரும். அங்கிருந்துதான் ஜர்னிமேனின் ஊர் சுற்றல் தொடங்குகிறது. புது நிறுவனம், ஒரு வருட ஒப்பந்தம், பிப்ரவரியில் ஸ்பிரிங் டிரெய்னிங் என்ற சீசனுக்கு முந்தைய முகாமுக்கு அழைப்பு. முகாமில் முதுகில் 70, 80 என்று பெரிய எண் இருந்தால் அந்த ஆள் மார்ச் கடைசியில் கீழே போகப் போகிறவர் என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம். மேகியும் பைரேட்ஸை விட்டு ஏஞ்சல்ஸ், டாட்ஜர்ஸ், கிளீவ்லாந்து, மினசோட்டா உள்ளிட்ட நிறுவனங்களைச் சுற்றிவிட்டு மறுபடி பைரேட்ஸுக்கே வந்து சேர்ந்தார்.

சம்பளக் கதை தனிக் கதை, கொஞ்சம் கோபம் வரவைக்கும் கதையும்கூட. 2021-ல் டிரிபிள்-ஏ வீரருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வாரத்துக்கு 700 டாலர், டபிள்-ஏ வீரருக்கு 600. அதுவும் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். அப்போது குளிர்காலத்தில் கையில் காசு வராது. ஆகவே சிறுவர்களுக்குப் பேட்டிங் சொல்லிக்கொடுப்பது, கிடங்கில் பெட்டி தூக்குவது, டெலிவரி ஓட்டுவது என்று ஏதாவது செய்துதான் ஆக வேண்டியிருந்தது. இதில் கொடுமை, 2018-ல் அமெரிக்க நாடாளுமன்றமே ஒரு சட்டம் போட்டு, மைனர் லீக் வீரர்களைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பிலிருந்து விலக்கி வைத்தது. அதற்கு முன்பே, 2014-ல், ஆரன் சென்னி என்ற முன்னாள் மைனர் லீக் வீரரும் வேறு சிலரும் கூலிக்காகத் தொடுத்த வழக்கு 2022-ல் 18.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அதே வருடம் பெரும்பாலான வீரர்களுக்கு அணியே தங்குமிடம் தர ஆரம்பித்தது. அதுவரை ஒரு ஃபிளாட்டில் ஐந்தாறு பேர் காற்றடைத்த மெத்தையில் படுத்துக்கொள்வது சர்வசாதாரணம். 2023-ல் தொழிற்சங்கம் போட்ட முதல் ஒப்பந்தத்தில் ஆண்டுச் சம்பளம் டிரிபிள்-ஏவில் குறைந்தது 35,800 டாலர், டபிள்-ஏவில் 30,250 என்று ஆனது.

அதே 2023-ல் மேஜர் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம் 7,20,000 டாலர். சீசனின் நாட்களால் வகுத்தால் ஒரு நாளைக்கு 3,800 டாலருக்கு மேல். டபிள்-ஏவில் ஒரு வருடம் முழுக்கச் சம்பாதிப்பதை மேலே எட்டே நாளில் சம்பாதித்துவிடலாம், பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் சரி. பணம் மட்டுமில்லை. மேஜர் லீக் பட்டியலில் ஒரு நாள் இருந்தால் லீக்கின் மருத்துவத் திட்டத்தில் சேரும் தகுதி வருகிறது. 43 நாள் இருந்தால் ஓய்வூதியம் உறுதியாகிறது. முப்பது வயதைத் தாண்டிய ஒருவர் இன்னும் ஒரு வருடம் ஆடிப் பார்க்கிறேன் என்று வீட்டில் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் உண்டு.

அன்றாடம் எப்படி? 2021-க்குப் பிறகு கொஞ்சம் மேல். செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே ஊரில் ஆறு ஆட்டங்கள், திங்கள் விடுமுறை. அதற்கு முன்பு மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஊர் மாற வேண்டியிருந்தது. டபிள்-ஏவில் பயணம் பஸ்ஸில்தான். இரவு ஆட்டம் பத்து மணிக்கு முடிந்து, குளித்து, மூட்டை கட்டி, விடியும்போது இன்னொரு ஊரில் இறங்குவார்கள். டபிள்-ஏவில் சீசனுக்கு 138 ஆட்டங்கள், டிரிபிள்-ஏவில் 150.

பைரேட்ஸின் டபிள்-ஏ அணி ஆல்டூனாவில். பென்சில்வேனியாவின் பழைய ரயில்வே ஊர். மைதானத்தின் வலப்புற வேலிக்குப் பின்னால் ஒரு மர ரோலர் கோஸ்டர் தெரியும். பிட்ஸ்பர்க் காரில் இரண்டு மணி நேரம். 2023 ஏப்ரலில் மேகி அங்கேதான் இருந்தார். 23, 24 வயதுப் பையன்களுக்கு நடுவே 33 வயதில், டிரிபிள்-ஏகூட இல்லை. மேலே பைரேட்ஸின் அவுட்ஃபீல்டர் பிரையன் ரெனால்ட்ஸ் குடும்பத்தில் ஒரு துக்கத்துக்காகச் சில நாள் விடுப்பில் போனார். ஏப்ரல் 23 அன்று மேகிக்கு அழைப்பு. அதைச் சக வீரர்கள் முன்னால் அறிவித்தவர் ஆல்டூனா மேனேஜர் காலிக்ஸ் கிராப். இந்த இடத்தில் ஒரு தகவலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: கிராப்பும் பல இடங்களில் ஆடிய இன்ஃபீல்டர்தான், 2008-ல் சான் டியேகோ பாட்ரேஸுக்காக 21 ஆட்டங்கள், மேஜர் லீக்கில் அவ்வளவே.

மேகிக்கு இது இரண்டாவது அழைப்பு என்பது பலருக்குத் தெரியாது. 2021 செப்டம்பரில் மினசோட்டா அணி கூப்பிட்டிருந்தது. சீருடை போட்டார், பெஞ்சில் உட்கார்ந்தார், களம் இறங்காமலேயே திரும்ப அனுப்பப்பட்டார். இந்த முறை ஏப்ரல் 26, டாட்ஜர்ஸுக்கு எதிரான ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ். பைரேட்ஸ் வெகுவாக முன்னிலையில் இருந்ததால் ஆண்ட்ரூ மெக்கட்சனுக்குப் பதிலாக மேகியை மட்டையோடு அனுப்பினார்கள். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. பந்தை அடிக்க முடியாமல் மூன்று ஸ்டிரைக் வாங்கி அவுட் ஆனார். மூன்று நாள் கழித்து வாஷிங்டனில் முதல் ஹிட், அதாவது பந்தை அடித்துப் பத்திரமாகப் பேஸ் சேர்ந்தது. மொத்தம் மூன்று ஆட்டங்கள், ஆறு முறை அடிக்கப் போய் இரண்டு ஹிட், சராசரி .333. அப்புறம் மறுபடி கீழே.

எல்லா ஜர்னிமேனும் ஒரே மாதிரி இல்லை. மைக் ஹெஸ்மன் இன்னொரு வகை. 1996-ல் அட்லாண்டா பிரேவ்ஸ் எடுத்தவர், அவரும் 15-வது சுற்றுதான். மூன்றாம் பேஸும் முதல் பேஸும் ஆடுவார்; பந்தை வேலிக்கு வெளியே அனுப்புவதுதான் அவர் தொழில். பத்தொன்பது மைனர் லீக் சீசன்களில் 433 ஹோம் ரன். 2015 ஆகஸ்ட் 3 அன்று டொலிடோ அணிக்காக அந்த 433-வதை அடித்து, அமெரிக்க மைனர் லீக்குகளில் பஸ் ஆர்லெட் என்ற வீரர் 1930-களில் விட்டுப்போன 432 என்ற சாதனையைத் தாண்டினார். மேஜர் லீக்கில் 109 ஆட்டங்கள், 14 ஹோம் ரன், சராசரி .188. நல்ல பந்துவீச்சாளர்கள் அவருடைய மட்டையை ஏமாற்றிவிட்டார்கள். டிரிபிள்-ஏவுக்கு அதிகம், மேஜருக்குக் கொஞ்சம் குறைவு என்ற இந்த ரகத்தை அங்கே 'நாலு ஏ' ஆட்டக்காரர் என்று கிண்டலாகச் சொல்வார்கள். ஹெஸ்மனுக்குக் கிடைத்த வேறு சிலது மேஜரில் பத்து வருடம் ஆடியவர்களுக்குக்கூட வாய்க்கவில்லை: 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியோடு வெண்கலம், 2011-ல் ஜப்பானில் ஓரிக்ஸ் பஃபலோஸுக்கு ஒரு சீசன். ஆட்டம் முடிந்தபின் டெட்ராய்ட் டைகர்ஸ் நிறுவனத்திலேயே பேட்டிங் பயிற்சியாளர் ஆனார்.

ஏணிக்கு வெளியேயும் பாதைகள் உண்டு. எந்தத் தாய் அணியும் இல்லாத சுயேச்சை லீக்குகள், உதாரணத்துக்கு அட்லாண்டிக் லீக், ஒப்பந்தம் கிடைக்காதவர்களின் இடைக்காலப் புகலிடம். அங்கே இரண்டு மாதம் நன்றாக அடித்தால் யாராவது ஒரு நிறுவனம் ஜூலையில் வாங்கிக்கொள்ளும். குளிர்காலத்தில் டொமினிகன், வெனிசுவேலா, மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ லீக்குகள். அங்கே ரசிகர்கள் சத்தமும் அதிகம், இரண்டு வாரம் அடிக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்பும் வேகமும் அதிகம். கொரியா, தைவான் பணம் நல்ல பணம். ஆனால் வெளிநாட்டவருக்கான சில இடங்களில் பெரும்பகுதியை அவர்கள் பந்துவீச்சாளர்களுக்கும் பெரிய அடிக்காரர்களுக்கும் ஒதுக்குவார்கள். நன்றாகப் பந்து பிடிக்கும் இன்ஃபீல்டர்கள் அவர்களிடமே இருக்கிறார்கள்.

இந்தப் பிழைப்புக்கான இடம் சமீபத்தில் சுருங்கிவிட்டது. 2021-ல் மைனர் லீக்கை மாற்றியமைத்தபோது 160 அணிகளை 120 ஆக்கினார்கள். 2024-லிருந்து ஒரு நிறுவனம் அமெரிக்காவுக்குள் வைத்துக்கொள்ளும் மைனர் லீக் வீரர்களின் உச்சவரம்பு 180-லிருந்து 165 ஆனது. குறைத்தால் முதலில் யார் பெயர் அடிபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. 20 வயதுக்காரரை யாரும் விடமாட்டார்கள்.

செப்டம்பர் விதியும் மாறிவிட்டது. 2019 வரை செப்டம்பர் மாதம் பிறந்தால் 40 பேர் பட்டியலில் உள்ள எல்லோரையுமே மேலே கூப்பிட்டுக்கொள்ளலாம். வருடம் முழுக்க டிரிபிள்-ஏவில் உழைத்தவருக்கு மேனேஜர் ஒரு மாதம் மேஜர் லீக் சம்பளமும் நாற்காலியும் கொடுத்து நன்றி சொல்ல அது ஒரு வழி. 2020-லிருந்து செப்டம்பரிலும் 28 பேருக்கு மேல் கூடாது. கூடுதலாகக் கிடைக்கும் அந்த இரண்டு இடங்களில் ஒன்று பெரும்பாலும் பந்துவீச்சாளருக்குப் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் ஒன்றுக்கு மூன்றாவது கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தை வாங்குபவர்), வேகமாக ஓடுபவர், அடுத்த வருடத்து நட்சத்திரம், அப்புறம் நாலைந்து கையுறையோடு காத்திருக்கும் இந்த இன்ஃபீல்டர் என எல்லோரும் போட்டி.